மஞ்ச மூஞ்சிக்காரரே, இன்னும் என்ன தாமதம்? நேப்பிள்ஸ் ரத்தமும் பலெர்மோ எலும்பும்

முத்துநகர்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றை இங்கே வைக்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன், பனிமய மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன். இப்போது வேலை இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில்.

செப்டம்பர் 19 இங்கே புனித ஜென்னாரோ திருநாள். ஊருக்கே விடுமுறை. போன வருடம் அன்று காலையிலேயே பேராலயத்துக்குப் போய் ஒரு தூண் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜென்னாரோ, பெனவென்தோ ஊரின் ஆயர். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், 305 வாக்கில், பொத்ஸுவோலியில் தலை வெட்டப்பட்டவர். அவருடைய ரத்தத்தை யூசேபியா என்ற பெண் பிடித்து வைத்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அது இரண்டு சிறிய குப்பிகளில் இருக்கிறது. குப்பிகளை வட்டமான கண்ணாடிப் பேழைக்குள் அடைத்து, வெள்ளிச் சட்டம் கட்டி, கைப்பிடி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ உறைந்து கிடக்கிறது. வருடத்தில் மூன்று முறை அதை வெளியே எடுப்பார்கள்: மே மாத முதல் ஞாயிறுக்கு முந்தின சனி, செப்டம்பர் 19, டிசம்பர் 16. உறைந்தது உருக வேண்டும். உருகினால் ஊருக்கு நல்லது.

இனி நான் கேட்க வந்த விஷயம். முன்வரிசையில் வயதான பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை 'புனிதரின் உறவுக்காரர்கள்' என்றே ஊரில் கூப்பிடுகிறார்கள். அந்த யூசேபியா வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். நேப்பிள்ஸ் பேச்சுமொழியில் பழைய செபங்களை ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தொடர்கிறார்கள். முதல் அரை மணி நேரம் கெஞ்சல். அப்புறம் குரல் ஏறியது. என் பக்கத்தில் கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி, கையிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்து நின்று, பலிபீடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்திலிருந்த பையனிடம் அர்த்தம் கேட்டேன். "மஞ்ச மூஞ்சி" என்றான். புனிதரின் மண்டையோடு வைத்த மார்பளவுச் சுரூபம் தங்க முலாம் பூசிய வெள்ளி, 1305ல் செய்தது. அந்த நிறத்தைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒருவர் வெள்ளைத் துணியை எடுத்து ஆட்டினார். உருகிவிட்டது என்று அடையாளம். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தப் பாட்டி கைதட்டவில்லை. உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

என்னை மறைக்கல்வி வகுப்பில் வளர்த்த விதத்துக்கு, புனிதரைத் திட்டுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரையும்விட அதிக பக்தி அந்தப் பாட்டிக்குத்தான் என்று தோன்றியது. இது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆவணக்காரன்:

முத்துநகர், அருமையான ஆரம்பம். நான் தென் இத்தாலியின் வரலாற்றைக் கொஞ்சம் ஆழமாகப் படித்தவன். எனக்குத் தெரிந்த விடை இது: நேப்பிள்ஸ்காரர்களுக்கும் அந்தப் புனிதருக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

1527 ஜனவரி 13. ஊரில் கொள்ளைநோய், சுற்றிலும் போர். நகரத்தின் பிரதிநிதிகள் பேராலயத்தில் கூடி, நோட்டரி முன்னிலையில் புனிதரோடு உடன்படிக்கை எழுதினார்கள். எங்களைக் காப்பாற்று, உனக்குப் புதிதாக ஒரு சிற்றாலயம் கட்டித் தருகிறோம் என்று. எதிர்த்தரப்பு இறந்து 1,200 வருடம் ஆனவர் என்பது யாருக்கும் தடையாகத் தெரியவில்லை. தேதியையும் கவனியுங்கள். புனிதரின் எலும்புகள் 831ல் பெனவென்தோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு மோன்தேவெர்ஜினே மடத்தில் கிடந்து, நேப்பிள்ஸுக்குத் திரும்பி வந்தது 1497 ஜனவரி 13. அதன் முப்பதாம் ஆண்டு நாளில் கையெழுத்து.

வாக்கை நிறைவேற்றத் தாமதமானது உண்மை. அடிக்கல் 1608ல், சிற்றாலயம் முடிந்தது 1646ல். ஆனால் அது யாருடைய சொத்து என்று பாருங்கள். மறைமாவட்டத்துக்குச் சேராது. நகர மேயர் தலைமையிலான 'தெபுதாத்ஸியோனே' என்ற பொதுமக்கள் சபை இன்றுவரை நிர்வகிக்கிறது. குப்பிகள் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி: ஒன்று பேராயர் பக்கம், ஒன்று சபை பக்கம். நீங்கள் பார்த்த வெள்ளைத் துணிக்காரரும் அந்தச் சபை உறுப்பினர்தான். 1713ல் புனிதரின் சுரூபத்துக்கு வைர முடி செய்தார்கள். அதில் கற்கள் மட்டும் 3,694. அதுவும் ஊருடைய நகை, வத்திக்கானுடையது கிடையாது.

டிசம்பர் 16க்கும் ஒரு கதை உண்டு. 1631ல் அதே நாளில் வெசூவியஸ் எரிமலை பயங்கரமாக வெடித்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜனங்கள் ரத்தக் குப்பியையும் சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு எரிமலையை நோக்கியே நடந்தார்கள். நகரம் தப்பியது.

ஆக, அந்தப் பாட்டி திட்டியது அந்நியரை இல்லை. வாக்குக் கொடுத்த சொந்தக்காரரை. தம் பங்கைச் செய்து முடித்தவர்கள் கேட்கிற உரிமை அது.

---

வேதியியல் டீச்சர்:

நான் நம்பிக்கை இல்லாதவள். ஆனால் யாரையும் புண்படுத்த வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

உறைந்த மாதிரி இருக்கும் சில கூழ்கள் அசைத்தால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி கெட்டியாகும். தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் நடப்பது இந்த வகைதான். 1991ல் இத்தாலிய வேதியியலாளர் லூயிஜி கார்லாஸ்கெல்லியும் இரண்டு சகாக்களும் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். இரும்புக் குளோரைடு, சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் உப்பு, தண்ணீர். இவ்வளவுதான். பழுப்புச் சிவப்பில் ஒரு கூழ் கிடைத்தது. லேசாகக் குலுக்கினால் உருகியது, வைத்தால் உறைந்தது. எல்லாம் 14ஆம் நூற்றாண்டுக் கைவினைஞருக்குக் கிடைத்திருக்கக் கூடிய பொருள்கள். ரத்தம் உருகியதாக முதலில் எழுத்தில் வருவதும் 1389ல்தான். அதற்கு முன் ஆயிரம் வருடம் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேழையைத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துத்தானே உருகிவிட்டதா என்று பார்க்கிறார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பியை யாரும் திறந்ததில்லை. 1902ல் கண்ணாடி வழியாக ஒளிக்கதிர் செலுத்தி, ஹீமோகுளோபின் அடையாளம் தெரிந்தது என்றார்கள். அதனால் உள்ளே இருப்பது இன்னதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இப்படியும் நடக்க வழி இருக்கிறது என்பது மட்டும் என் வாதம். திருச்சபையே இதை 'அற்புதம்' என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை, 'வியப்புக்குரிய நிகழ்வு' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

---

முத்துநகர்:

டீச்சர், நன்றி. இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை. சாய்த்துப் பார்ப்பது உண்மைதான், நானே பார்த்தேன். ஆனால் உருகாத நாட்களும் இருக்கின்றனவே. 2020 டிசம்பர் 16ல் நாள் முழுக்கக் காத்திருந்தும் உருகவில்லை. 1980 செப்டம்பரில் உருகவில்லை, நவம்பர் 23ல் இர்ப்பீனியா பூகம்பம் வந்தது என்று இங்கே டீக்கடையில், தப்பு, காபிக் கடையில் இன்றும் பேசுவார்கள். காரண காரியம் என்று நான் வாதாடவில்லை. பூகம்பத்தில் வீடு இழந்த ஊர்க்காரன் மனதில் அந்த இரண்டு தேதியும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆவணக்காரன் சொன்ன ஒப்பந்தக் கணக்கில் ஒரு சந்தேகம். ஒரு தரப்பு வாக்குத் தவறினால்?

---

ஆவணக்காரன்:

அதுவும் நடந்திருக்கிறது! 1799ல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்தது. படைத்தலைவன் ஷாம்பியோனே முன்னிலையில் ரத்தம் உருகியது. ஜனங்களுக்கு வந்ததே கோபம். எதிரிக்கு அற்புதம் செய்கிறாயா என்று ஜென்னாரோவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, பாதுவா அந்தோணியாரை நகரப் பாதுகாவலர் ஆக்கினார்கள். பல வருடம் கழித்துத்தான் பழைய பதவி திரும்பக் கிடைத்தது.

இதை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. புனிதரைத் தம் ஊர்க் குடிமகனாகவே நினைத்தவர்கள், குடிமகனுக்குரிய தண்டனையைக் கொடுத்தார்கள்.

---

பலெர்மோ தம்பி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள். சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல். நேப்பிள்ஸ் கதை வாசிக்க நல்லாயிருந்தது, ஆனால் எங்கட ஊர்ப் புனிதை ரோசாலியாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கட வீடு சைவ வீடு. அப்பா வந்த புதிதில் வேலை இல்லை, வதிவிடத் தாள் இல்லை, பாசை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஒருத்தர் பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மலை, குகை, குகைக்குள் ஒரு பெண் தெய்வம் மாதிரி ஒருத்தி, மேலே இருந்து சொட்டுகிற தண்ணி. அப்பாவுக்கு அது அந்நியமாகவே படவில்லையாம். அதற்குப் பிறகு எங்கட வீட்டில் ஞாயிறு என்றால் மலை. இங்கே உள்ள தமிழர்களில் சைவம், கத்தோலிக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல் போகிறார்கள், வருடம் முழுக்க.

குகையை ஒருக்கா பார்க்க வேணும். வாசல் ஒரு சாதாரண மடத்து முகப்பு. உள்ளே போனால் கூரை பாறை. பாறையில் இருந்து எப்பவும் தண்ணி கசியும். அது கீழே நிற்கிறவர்கள் தலையில் விழாமல் இருக்க, தகரப் பீலிகளை மடித்து மடித்து மேலே முழுக்கப் பொருத்தியிருக்கிறார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தால் ஏதோ பெரிய பறவையின் விலா எலும்பு மாதிரி இருக்கும். அந்தத் தண்ணியைப் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். சலவைக்கல்லில் ரோசாலியா சாய்ந்து படுத்திருக்கிறா, உடுப்பு முழுக்கப் பொன் தகடு. சுவரில் நேர்த்திக்கடனாக வைத்த வெள்ளிக் கை, கால், இதயம், குழந்தைப் படங்கள். என் மகள் பிறந்தபோது அம்மா மாட்டிய சின்ன வெள்ளிப் பாதமும் அங்கேதான்.

கதை இதுதான்: 12ஆம் நூற்றாண்டில் பெரிய இடத்துப் பிள்ளை, எல்லாத்தையும் விட்டிட்டு அந்தக் குகையில் தனியே வாழ்ந்து செத்தவ. கனகாலம் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. பலெர்மோவுக்கு அகத்தா, கிறிஸ்தீனா, நின்பா, ஒலிவா என்று ஏற்கெனவே நாலு பாதுகாவலிகள். 1624ல் தூனிஸில் இருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் இறங்கியது. அரசப் பிரதிநிதியே அந்த வருசம் செத்துப்போனார். அதே வருசம் ஜூலை 15ல் குகையில் எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருசம் ஒரு ஏழைச் சவர்க்காரக்காரன், வின்சென்சோ பொனெல்லி, பெண்சாதியை நோய்க்குப் பறிகொடுத்திட்டு மலைக்குப் போனபோது ரோசாலியா தோன்றி, என் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோங்கள் என்று சொன்னதாம். 1625 ஜூன் மாதம் கொண்டுபோனார்கள், நோய் அடங்கியது. நாலு பேரையும் தாண்டி ரோசாலியா ஊருக்குத் தாய் ஆனா. 'சாந்தூத்ஸா', சின்னப் புனிதை என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவது.

ஜூலை 14 இரவு 'ஃபெஸ்தீனோ'. கப்பல் மாதிரி ஒரு பெரிய தேர், கஸ்ஸரோ தெருவழியே கடல் வரைக்கும் போகும். நாலு மூலைச் சந்தியில் தேர் நிற்க, மேயர் மேலே ஏறிப் பூவை வைத்து, "பலெர்மோ வாழ்க, சாந்தா ரோசாலியா வாழ்க!" என்று கத்துவார். நாங்களும் தொண்டை கிழியக் கத்துவோம். கடற்கரையில் வாணவேடிக்கை. உள்ளிப் பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கின குட்டி நத்தை, 'பப்பலூச்சி' என்பார்கள், ஓட்டோடு உறிஞ்சிச் சாப்பிடுவது. வறுத்த கடலை, பூசணி விதை, அவித்த சோளம், வத்தகைப்பழம். அம்மா நத்தை பக்கம் போக மாட்டா, கடலை மட்டும்.

---

பனங்காடு:

படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் உறுத்துவதைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் உள்ளே நுழைய முடியாது. இவர்கள் மண்டையோட்டையும் நாக்கையும் கையையும் எடுத்துப் பலிபீடத்தில் வைக்கிறார்கள். துண்டு துண்டாகப் பிரித்து ஊர் ஊராகக் கொடுக்கிறார்கள். தீட்டு என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லையா? அந்த எலும்பு அவருடையதுதான் என்று எப்படி நம்புகிறார்கள்?

---

ஆவணக்காரன்:

நியாயமான கேள்வி. பழைய ரோமர்களும் உங்களைப் போலத்தான். பிணத்தை நகர எல்லைக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது அவர்கள் சட்டம். அதைத் தலைகீழாக்கியவர்கள் கிறிஸ்தவர்கள். மறைசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவரின், உடல் மறுபடி உயிர்த்தெழப் போகிறது, ஆகவே அது குப்பை ஆகாது, விதை என்று நினைத்தார்கள். கல்லறை மேலேயே பலிபீடம் வைத்தார்கள். 787ல் நைசீயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், அருளிக்கம் (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) இல்லாமல் கோயிலை அர்ச்சிக்கக் கூடாது என்றே விதித்தது. விளைவு, எல்லா ஊருக்கும் எலும்பு தேவைப்பட்டது. திருட்டும் வந்தது. 1087ல் பாரி நகர மாலுமிகள் மீராவுக்குப் போய் (இன்றைய துருக்கி), கல்லறையை உடைத்து, புனித நிக்கொலாசின் எலும்புகளை எடுத்து வந்தார்கள். மே 9ல் கரை சேர்ந்தார்கள். இன்றும் அந்த நாளில் கல்லறைக்குள் சேர்ந்திருக்கும் நீரை எடுத்து, 'மன்னா' என்று பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். இன்றைய திருச்சபைச் சட்டப்படி அருளிக்கங்களை விற்பது முழுத் தடை.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. அட்ரியாட்டிக் கரையில் ஒர்த்தோனா என்று ஒரு சிறிய ஊர். அங்கே பேராலயத்தின் கீழறையில் இருப்பவர் நம் மயிலாப்பூர் தோமையார். மயிலாப்பூரிலிருந்து எதேசாவுக்கும், அங்கிருந்து கீயோஸ் தீவுக்கும் போன எலும்புகளை, 1258ல் லெயோனே என்ற கப்பல் தலைவர் கொண்டுவந்தார் என்பது வரலாறும் மரபும் கலந்த செய்தி. மே மாத முதல் ஞாயிறையொட்டி அங்கே பெருவிழா. வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து புனிதரின் மார்புச் சுரூபம் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கிறார்கள். இங்கேயும் சாவியில் நகராட்சிக்குப் பங்கு உண்டு. நான் போனபோது, சென்னையில் பிறந்தவன் என்று சொன்னேன். வாசலில் இருந்த முதியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் அவரை எங்களுக்குக் கொடுத்தது நீங்கள்தானா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

---

வேதியியல் டீச்சர்:

பனங்காடு கேட்ட இரண்டாவது கேள்விக்கு, பலெர்மோ தம்பி மன்னிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ரோசாலியாவின் எலும்புகளைப் பார்த்துவிட்டு, இவை ஆட்டின் எலும்புகள் என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். அவரே ஒரு குருவானவர். 1624ல் எலும்புகளைச் சோதித்த முதல் மருத்துவக் குழுவும் சரியாக உறுதி சொல்லவில்லை, அடுத்த குழுதான் ஏற்றது. உங்கள் அம்மாவின் வெள்ளிப் பாதத்தை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆனால் தெரிந்ததை மறைக்கவும் முடியவில்லை.

---

பலெர்மோ தம்பி:

டீச்சர், மன்னிப்பு ஒன்றும் தேவையில்லை. அந்த ஆட்டுக் கதை இங்கே படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருக்கா நான் அதை அம்மாவுக்குச் சொல்லியும் இருக்கிறேன், பதினாறு வயதில், பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கட ஊர்க் கோயில் மூலஸ்தானத்தில் இருந்தது கல்லு என்று எனக்குத் தெரியாதா?" என்றா. அந்தக் கோயில் போரில் இடிந்து போனது. அதுக்கு மேல் நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

எனக்கு எலும்பு யாருடையது என்று தெரியாது. 400 வருசமாக ஒரு ஊர் தன் பயத்தை எல்லாம் கொண்டுபோய் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. நாங்கள் வந்த பிறகு எங்கட பயத்தையும் அதே இடத்தில் வைக்க விட்டார்கள். தாள் கேட்காமல் எங்களை உள்ளே எடுத்த முதல் வாசல் அந்தக் குகைதான்.

---

பனங்காடு:

தம்பி, கேட்டதற்கு வருத்தமில்லை, கேட்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

---

முத்துநகர்:

இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர், ஆவணக்காரன், தம்பி, எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தப் பாட்டியை மீன் சந்தையில் பார்த்தேன். அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன். பேரனுக்கு வடக்கே வேலை கிடைத்துப் போக இருந்தானாம். "அவன் கிளம்பும் முன் உருகவில்லை என்றால் நான் எப்படி அனுப்புவேன்? அதனால்தான் திட்டினேன்" என்றார். சாயங்காலம் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டாராம், சுரூபத்துக்கு முன்னால் நின்று.

தம்பி, நான் பலெர்மோ வரணும். ஜூலை முடிந்துவிட்டது. எப்போது வரலாம்?

---

பலெர்மோ தம்பி:

அண்ணா, செப்டம்பர் 3 இரவு வாருங்கள். 4ஆம் தேதி ரோசாலியாவின் திருநாள், முதல் நாள் இரவே ஏறத் தொடங்குவோம். 'அக்கியனாத்தா' என்று பெயர், ஏற்றம் என்று அர்த்தம். ஜெனரால் காஷீனோ சதுக்கத்தில் இருந்து பழைய கல் பாதை. கோயில் சுமார் 430 மீட்டர் உயரத்தில். பாதை வளைந்து வளைந்து போகும், கல் வழுக்கும். கனபேர் வெறுங்காலோடு ஏறுவார்கள், சிலர் கடைசித் துண்டை முழங்காலில். நீங்கள் நல்ல சப்பாத்துப் போட்டு வாருங்கள். தண்ணிப் போத்தல் ஒன்று, டோர்ச் ஒன்று. 2ஆம் தேதி நேப்பிள்ஸில் இரவுக் கப்பல் ஏறினால் 3ஆம் தேதி விடியப் பலெர்மோ. துறைமுகத்துக்கு நான் வருகிறேன். பகல் எங்கட வீட்டில் சாப்பிட்டுப் படுத்தெழும்பி, பொழுதுபட வெளிக்கிடலாம். அம்மாவுக்கு இப்ப முழங்கால் ஏலாது, ஆனால் உங்களிட்ட ஒரு மெழுகுதிரி தந்துவிடுவா. அதை மறக்காமல் ஏற்ற வேணும்.